காய்ந்த புல்லைக் கொத்திப் போடும் முன்...

"சார், நாளைக்கு டிராக்டர் வருது. புல்லு மொத்தமும் காஞ்சு போச்சு. ஓட்டிட்டு மக்காச்சோளம் போட்டுரலாமா?"

போன வருடம் தை மாதக் கடைசியில் பச்சமலை அடிவாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி போனில் கேட்டார். இரண்டு கறவை மாடுகள். அவற்றுக்காக வீட்டை ஒட்டி 15 சென்டில் கோ-4 கம்பு நேப்பியர் புல். "டிராக்டரை ரெண்டு நாள் தள்ளி வரச் சொல்லுங்கம்மா, நான் வந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

போய்ப் பார்த்தால், மேலே எல்லாம் வைக்கோல் நிறம்தான். வாய்க்காலை ஒட்டிய பள்ள மூலையில் தூரைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து நாற்றம் அடித்தது. மேட்டுப் பக்கம் இழுத்தால் அசையவே இல்லை. அடித்தண்டை அரிவாளால் சீவினால் உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தது. வரிசையில் நடந்து எண்ணிப் பார்த்தோம். பத்துக்கு ஏழு, எட்டுத் தூர் உயிரோடு இருந்தன. டிராக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட ரகம் கோ-4. ஆண்டுக்கு எக்டருக்கு 380 டன்னுக்குக் குறையாத மகசூல் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. நம் தோட்டத்தில் அதில் பாதி வந்தால்கூட 15 சென்டிலிருந்து தினம் 30 கிலோ பசும்புல் கிடைக்கும்.

உழுதுவிட்டுத் திரும்ப நட்டால், நிலம் தயார் செய்யப் பத்து நாள், முதல் அறுப்புக்கு 75 முதல் 80 நாள். ஆக மூன்று மாதம். இருக்கிற தூரைத் தேற்றினால் 45, 50 நாளில் அறுத்துவிடலாம். இடையில் உள்ள ஒன்றரை மாதத்துக்கு 1,350 கிலோ பசும்புல் கைவிட்டுப் போகிறது. உழவுக் கூலி, கரணைச் செலவு தனி. மாசி, பங்குனியில் நட்ட இளம் பயிருக்கு, கிணற்றில் தண்ணீர் இறங்குகிற நேரத்தில் தண்ணீர் காட்ட வேண்டிய பாடும் உண்டு.

பணியில் சேர்ந்த புதிதில் இதே நிலையில் ஒருவரிடம், பார்த்த மாத்திரத்தில் "எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசா நடுங்க" என்று சொல்லிவிட்டேன். தூரை இழுத்துப் பார்க்கவில்லை. புதுப்புல் வருவதற்குள் வைக்கோல் வாங்கிக் கட்டுப்படியாகாமல் அவர் ஒரு மாட்டை விற்றுவிட்டார். அதற்குப் பிறகு, தூரைச் சீவிப் பார்க்காமல் நான் யாருக்கும் அந்த யோசனை சொன்னதில்லை.

கெடுத்தது பனியா, தண்ணீரா?

தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். அதனால் புல் காய்ந்தாலே பனிமேல் பழி போடுகிறோம். உண்மையில் புல்லைக் கருக்குகிற பனி ஊட்டியில் விழுகிற உறைபனிதான். அங்கே அரசு தாவரவியல் பூங்காவின் புல்வெளியில் குளிர்காலக் காலைகளில் தண்ணீர் தெளித்து உறைபனியைக் கரைப்பார்கள். மே மாத மலர்க்காட்சிக்கு முன் மக்களைப் புல்லில் நடக்க விடாமல் அடைத்து வைத்துத் தேற்றுவார்கள்.

நம் உப்பிலியபுரம் வட்டாரத்தில் உறைபனி கிடையாது. கொல்லிமலைக்கும் பச்சமலைக்கும் நடுவில் இருப்பதால் மார்கழி, தை இரவுகளில் குளிர் இறங்கும், அவ்வளவுதான். கம்பு நேப்பியர் வெயில் காலத்துப் புல். குளிரில் வளர்ச்சி குன்றும், இலை பழுக்கும், ஆனால் தூர் சாகாது. தூரைச் சாகடிப்பது ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீர். வேருக்குக் காற்று இல்லாமல் அப்போதே அழுகிவிடுகிறது. குளிரில் புதுத்துளிர் வராததால் நமக்குத் தை மாதத்தில்தான் தெரிகிறது. ஆகவே பள்ளத்தில் உள்ளது செத்திருக்கும், மேட்டில் உள்ளது தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் கூடாது.

தேற்றும் முறை

1. எண்ணுங்கள். பத்துத் தூருக்கு ஏழுக்கு மேல் உயிர் இருந்தால் உழ வேண்டாம். ஐந்துக்குக் கீழே என்றால் புதிதாக நடலாம். அப்போதும் பாதி நிலத்தை முதலில் நட்டு, அது அறுப்புக்கு வந்த பிறகு மறுபாதியைத் தொடுங்கள். ஐந்துக்கும் ஏழுக்கும் இடைப்பட்டால் செத்த பகுதியை மட்டும் எடுத்துவிட்டு நடுங்கள்.

2. வடிகால் எடுங்கள். பள்ளப் பக்கம் ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் பறித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் மற்றதைச் செய்தால் அடுத்த மழையில் அதே கதைதான்.

3. ஒரே சீராக அறுங்கள். மாசி பிறந்து குளிர் குறைந்ததும் காய்ந்ததை எல்லாம் தரையிலிருந்து நான்கு, ஐந்து அங்குலம் விட்டு அறுத்து வெளியேற்றுங்கள். தீ வைக்காதீர்கள். துளிர்க்க இருக்கிற மொட்டும் சேர்ந்து வெந்துவிடும்.

4. எரு, தண்ணீர். வரிசைக்கு நடுவே லேசாகக் கொத்தி, சென்டுக்கு 100 கிலோ மக்கிய தொழு எரு போட்டு, தூருக்கு மண் அணைத்துத் தண்ணீர் கட்டுங்கள்.

5. யூரியாவுக்குப் பொறுங்கள். பத்து, பன்னிரண்டு நாளில் துளிர் தெரியும். அதன் பிறகு ஈரத்தில் சென்டுக்கு 650 கிராம் யூரியா போதும். துளிர்க்காத தூருக்குப் போடும் யூரியா வீண்.

6. போக்கிடம் நிரப்புங்கள். மூன்று மாதம் முற்றிய உயிருள்ள தண்டிலிருந்து இரு கணுக் கரணை எடுத்து, ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி 60-க்கு 50 சென்டிமீட்டரில் நடுங்கள். தண்ணீர் தேங்கியே தீரும் மூலையில் நேப்பியர் வேண்டாம், நீர்ப்புல் வையுங்கள்.

7. வெளுப்பு இருந்தால். புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கலந்து பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை காலை வேளையில் தெளியுங்கள்.

மாட்டுக்குப் போடும்போது கவனம்

துளிர் பசுமையாக இருக்கிறதே என்று 20, 25 நாளிலேயே அறுத்துவிடாதீர்கள். தூர் இளைத்துவிடும். யூரியா தின்ற இளம்புல்லில் நைட்ரேட் அதிகம் இருக்கும், மாட்டுக்கு ஆகாது. 45 நாள் பொறுங்கள். இந்தப் புல்லில் ஆக்சலேட்டும் இருப்பதால் மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால், குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனம் கலந்து கொடுங்கள். வரப்பு ஓரம் வேலிமசால் விதைத்தால் அதற்குத் தனி இடம் தேவையில்லை.

அந்தச் சகோதரி பங்குனிக் கடைசியில் முதல் அறுப்பு அறுத்தார். பள்ள மூலையில் இப்போது நீர்ப்புல் நிற்கிறது. மாடு இரண்டும் வீட்டில்தான் இருக்கின்றன.

வாசகர் கேள்வி

*வீட்டு முன்னால் வளர்த்த அருகம்புல் தரை மழைக்குப் பிறகு திட்டுத் திட்டாகக் காய்ந்துவிட்டது. பெயர்த்துவிட்டு வேறு புல் போடவா?*

வேண்டாம். அருகு அவ்வளவு எளிதில் சாகாது. காய்ந்த சருகை முள்வாரியால் வாரி எடுங்கள். இறுகிய இடத்தில் கடப்பாரையால் அரை அடிக்கு ஒன்றாகக் குத்தித் துளை போடுங்கள். மணலும் சலித்த தொழு எருவும் சம அளவு கலந்து அரை அங்குலக் கனத்தில் தூவி, மண் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். மொட்டையாக உள்ள இடத்தில் பக்கத்திலிருந்து வேரோடு எடுத்த அருகை நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக ஊன்றுங்கள். மூன்று, நான்கு வாரம் யாரும் மிதிக்காமல் ஒரு கயிறு கட்டி வையுங்கள். அதுவாகவே மூடிக்கொள்ளும்.