ஒரு தேக்கரண்டி அதிமதுரம்

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மாமியாருக்கு மார்கழி பிறந்தால் வறட்டு இருமல். ராத்திரி பாலில் ஒரு தேக்கரண்டி அதிமதுரப் பொடி கலந்து குடிப்பாராம். இருமல் போன பிறகும் விடாமல் பங்குனி வரை குடிக்கிறார். பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறார். இப்போது கணுக்கால் வீங்குகிறது, மாத்திரைக்குப் பிரஷர் அடங்கவில்லை. “நாட்டு மருந்துதானே, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா?” என்று கேட்கிறார்.

இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பொடியை உடனே நிறுத்திவிட்டு, அதைக் குடித்த விவரத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அதிமதுரத்தைப் பாட்டுக்காரர்களுக்கும் வாத்தியார்களுக்கும் நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாகமலைச் சரிவில் தேடினால் அது கிடைக்காது. மதுரைக் கீழமாசி வீதிப் பக்கம் நாம் வாங்கும் வேர் பெரும்பாலும் ஆப்கானிஸ்தான், ஈரான், மத்திய ஆசிய வறண்ட நிலங்களிலிருந்து வருவது. நம் வேலிகளில் படர்வது குன்றிமணிக் கொடி. அதன் வேரும் லேசாக இனிக்கும் என்பதால் அதிமதுரத்துக்குப் பதிலாக அதை விற்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. குன்றிமணி விதையில் இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. அந்தக் கொடியின் வேரை மருந்தென்று நம்பி வாங்க வேண்டாம். பொடியாக வாங்கினால் எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. முழு வேராக வாங்கி ஒடித்துப் பாருங்கள். நல்ல அதிமதுரம் உள்ளே மஞ்சளாக, நார் நாராக இருக்கும்; மென்றால் இனிப்பு நாக்கை விட்டுப் போகாது. குன்றி வேரில் முதலில் கசப்பும் காறலும்தான் தெரியும்.

தொண்டைக்கு இந்த வேர் இதம் தருவது கற்பனை அல்ல. அதன் சாறு தொண்டையில் படிந்து எரிச்சலைத் தணிக்கிறது. அறுவை சிகிச்சையில் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகினால் பிறகு தொண்டை புண்ணாக வலிக்கும். மயக்கம் கொடுப்பதற்கு முன் அதிமதுர நீரால் கொப்பளித்தவர்களுக்கு அந்த வலி குறைந்ததை வியன்னா மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். கொப்பளித்துத் துப்பினார்கள், விழுங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

விழுங்கினால் நடப்பதுதான் என்னை வருடக்கணக்காக வியக்க வைக்கும் சங்கதி. வேரின் இனிப்புக்குக் காரணம் கிளிசிரைசின். சர்க்கரையைவிடச் சுமார் 50 மடங்கு இனிக்கும் பொருள் இது. இருமலுக்கு உதவுவதிலும் இதற்குப் பங்கு உண்டு. பிரஷரை ஏற்றுவதும் இதுவேதான். உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே தள்ளு என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போடும் ஹார்மோன் அல்டோஸ்டிரோன். அந்த உத்தரவு போய்ச் சேரும் இடத்தில் கார்ட்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோனும் அப்படியே பொருந்தும். ரத்தத்தில் கார்ட்டிசோல்தான் பல மடங்கு அதிகம். அது உள்ளே புகாமல் பார்த்துக்கொள்ள அங்கே ஒரு நொதி இருக்கிறது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி வாசலில் பெரியப்பா நிற்பார். இலை போட்ட அளவுக்குத்தான் ஆளை உள்ளே விடுவார், மற்றவர்களைப் பக்குவமாகப் பேசித் திருப்புவார். இந்த நொதி செய்வதும் அதைத்தான், வருகிற கார்ட்டிசோலையெல்லாம் செயலற்றதாக்கி அனுப்பிவிடும். அதிமதுரம் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள் இந்த நொதியை முடக்குகிறது. கார்ட்டிசோல் கூட்டமாக உள்ளே நுழைகிறது. உப்பும் நீரும் தேங்கிக் கால் வீங்குகிறது, பிரஷர் ஏறுகிறது. பொட்டாசியம் இறங்கத் தசை தளர்கிறது, இதயத் துடிப்பு தடுமாறுகிறது.

வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரம் கொடுத்த டச்சு மருத்துவர் ரீவர்ஸ் இந்த வீக்கத்தை 1946லேயே கவனித்து எழுதினார். காரணம் அந்த நொதிதான் என்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் காட்டியது 1987இல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 54 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் சில வாரங்களாகத் தினம் ஒன்றரைப் பை அதிமதுர மிட்டாய் தின்று, பொட்டாசியம் அடிமட்டத்துக்குப் போய், இதயம் நின்று இறந்தார். அந்தச் செய்தி 2020இல் மருத்துவ இதழில் வந்தது.

கணக்கைப் பாருங்கள். தினந்தோறும் சாப்பிடுகிறவர்களுக்கு கிளிசிரைசின் 100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று ஐரோப்பிய உணவு அறிவியல் குழு 2003இல் சொன்னது. தரமான வேரில் அது குறைந்தது 4 சதவீதம் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய மருந்து நூலின் விதி. அப்படியானால் இரண்டரை கிராம் பொடியிலேயே 100 மில்லிகிராம் வந்துவிடுகிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி! மூன்று நான்கு நாள் சாப்பிட்டு விட்டுவிட்டால் பெரும்பாலோருக்குப் பாதகமில்லை. மாதக்கணக்கில் சாப்பிடுவதுதான் வம்பு.

சித்த வைத்தியர்கள் ஆளைப் பார்த்து, அளவு சொல்லி, நாள் சொல்லிக் கொடுத்த மருந்து இது. அளவையும் நாளையும் கழற்றிவிட்டுப் பொடியை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். ‘பக்க விளைவே இல்லாதது’ என்று பொட்டலத்தில் அச்சடித்து விற்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. உடலில் ஒன்றும் செய்யாத பொருளுக்குத்தான் பக்க விளைவு இருக்காது. இந்த வேரின் வீரியத்தை மதிக்கிறவர் அப்படி எழுத மாட்டார். பிரஷர், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதை விழுங்காமல் இருப்பதே நல்லது. கர்ப்பிணிகளும் அப்படியே: கர்ப்ப காலத்தில் நிறைய அதிமதுரம் தின்ற தாய்மாரின் பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியதாக 2017இல் பின்லாந்து ஆய்வு ஒன்று சொன்னது.

இன்னொரு ஆபத்து, தொண்டை இதமாக இருப்பதால் இருமலின் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுவது. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்கு எந்த வேரும் பதில் அல்ல. காசநோய் உண்டா என்று சளியைப் பரிசோதிக்க வேண்டும். நாகமலை புதுக்கோட்டைக்காரர்களுக்குத் தோப்பூரில் அரசு நெஞ்சக மருத்துவமனை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே போக முடியாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுக்கலாம், அரசு அதற்குக் காசு வாங்குவதில்லை.