குருவும் சீடரும் துரத்தும் புற்று நோய்

இரவில் நாலு தடவை எழுந்து கொல்லைப்புறம் போகிறார், தாத்தா. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்கிறாள் பாட்டி.

பெரும்பாலும் பாட்டி சொல்வது சரிதான். ஆண்களுக்குச் சிறுநீர்ப் பையின் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி உண்டு. அதன் பெயர் புராஸ்டேட். வயது ஏற ஏற அது பெருக்கும். அதனால் சிறுநீர் அடிக்கடி வரும்.

ஆனால், சிலருக்கு அந்தச் சுரப்பியில் புற்று நோய் உண்டாகிறது. சிறுநீரில் ரத்தம் கண்டாலோ, இடுப்பு எலும்பு விடாமல் வலித்தாலோ, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் இருக்கும் தாத்தாவானால், மலை இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022-ம் ஆண்டு ஜனவரியில் அது திறந்து வைக்கப்பட்டது.

இந்த நோய்க்குத் தரும் வைத்தியம் எங்கே பிறந்தது தெரியுமா? ஓர் ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் கண்டுபிடித்தது அது!

சிகாகோ டாக்டர்

அமெரிக்காவில் சிகாகோ நகரப் பல்கலைக் கழகத்தில் வேலை பார்த்தவர், டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ். ஆண் ஹார்மோன் என்னும் சுரப்பு நீர்தான் இந்தப் புற்று நோய்க்குத் தீனி போடுகிறது என்று அவர் கண்டார். அதைக் குறைத்தால் நோய் அடங்குகிறது; எலும்பு வலியால் துடித்த பலருக்கு வலி குறைகிறது.

1941-ம் ஆண்டு இதை வெளியிட்டார். ஹாட்ஜஸ், ஸ்காட் என்ற இரு மாணவர்கள் கூட இருந்து உழைத்தார்கள். 25 ஆண்டுகள் கழித்து, 1966-ல், ஹக்கின்சுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 65.

மாறிப் போன ஒயர்

அடுத்த கதை மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் நடந்தது. அங்கே ஆராய்ச்சி செய்பவர் டாக்டர் அருள் சின்னையன். பெயரைக் கேட்டாலே நம்மவர் பெயர் என்று தெரிகிறது அல்லவா? அதே பல்கலைக் கழகத்தில் விஷ்வா தீட்சித் என்ற விஞ்ஞானியிடம் படித்து வளர்ந்தவர் அவர்.

சின்னையனிடம் ஸ்காட் டாம்லின்ஸ் என்ற மாணவர் சேர்ந்தார். நோயாளிகளின் கட்டிகளில் எந்த ஜீன் அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று குருவும் சீடரும் தேடினார்கள். ஜீன் என்பது உடலின் ஒவ்வொரு அணுவுக்கும் கட்டளை இடும் மரபுக் குறிப்பு.

விடை கிடைத்தது. இரண்டு ஜீன்கள் அறுந்து, தவறாக ஒட்டிக்கொண்டு இருந்தன!

நம் வீட்டு சுவிட்சில் பக்கத்துக் கிணற்று மோட்டாரின் ஒயர் சேர்ந்து விட்டால் என்ன ஆகும்? நாம் விளக்குப் போடும்போதெல்லாம் அங்கே மோட்டார் ஓடும். அது போல, ஆண் ஹார்மோன் வரும்போதெல்லாம் கட்டியை வளர்க்கும் ஜீன் ஓடிக்கொண்டே இருந்தது.

2005-ம் ஆண்டு இது அச்சானது. முதல் பெயர், மாணவர் டாம்லின்ஸ்; கடைசிப் பெயர், ஆசிரியர் சின்னையன். நம் கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயர் முன்னால் வரும். இந்தத் துறை ஆராய்ச்சியில் பெரும்பாலும் தலைகீழ்! கை வருந்த உழைத்தவருக்கு முதல் இடம்.

கான்பூர் ஆசிரியை

அந்தக் கூடத்தில் பயிற்சி பெற்ற ஓர் இந்தியப் பெண், புஷ்ரா அத்தீக். 2013-ல் தாய்நாடு திரும்பி, கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆசிரியை ஆனார்.

அவரும் அவருடைய மாணவ மாணவிகளும் 2020-ல் ஓர் உண்மையைக் கண்டு சொன்னார்கள். ஆண் ஹார்மோன், "ஸ்பிங்க்1" என்ற கெட்ட ஜீனை அடக்கி வைக்கிறது. ஹார்மோனைக் குறைத்தால் அந்த ஜீன் தலை தூக்கக் கூடும். ஹக்கின்ஸ் வைத்தியத்துக்குள்ளேயே இப்படி ஒரு முள்! அந்தக் கட்டுரையிலும் முதல் பெயர் ஒரு மாணவியுடையது. அதே 2020-ம் ஆண்டுக்கான பட்நாகர் பரிசு அத்தீக்குக் கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. பரவிய நோய்க்கு இன்றும் ஹார்மோன் வைத்தியமே முக்கியமானது.

யார் சோறு போடுவது?

"முப்பது வயது வரை படித்தால் குடும்பத்துக்கு யார் சோறு போடுவது?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்தக் கவலையால் ஆராய்ச்சியைக் கைவிட்டு வேறு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில்கூட இதே கவலை. அதனால் அங்கே உள்ள புராஸ்டேட் புற்று நோய் நிதி நிறுவனம், 2007 முதல் இளம் விஞ்ஞானிகளுக்கு உதவி வருகிறது. மூன்று ஆண்டுக்கு 2,25,000 டாலர். ஒரு நிபந்தனை: வழி காட்டும் ஆசான் ஒருவர் இருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் 2020 முதல் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. டாக்டர் ஆகாதவர்களும் விஞ்ஞானி ஆகலாம். எம்.எஸ்சி. படித்து, மத்திய அரசின் "நெட்" தேர்வில் உதவித் தொகைக்குத் தேற வேண்டும். 2023 ஜனவரி முதல் அந்தத் தொகை மாதம் 37 ஆயிரம் ரூபாய். மலையில் கடுக்காய் பொறுக்கும் குடும்பத்துக்கு அது சிறு தொகை அல்ல.

பணம் அப்படி வரும். ஆசானை மாணவர்தான் தேட வேண்டும். அவருடைய கட்டுரைகளைப் படித்து, தனக்கு என்ன தெரியும், எதைக் கற்க ஆசை என்று கடிதம் எழுத வேண்டும். பதில் வராவிட்டால் இன்னொருவருக்கு எழுத வேண்டும்.