காதுக்குள் துடிக்கும் நாடி

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி, கழுத்தில் ஏறி மண்டைக்குள் நுழையும்போது காதை உரசிக்கொண்டுதான் போகிறது. பொட்டெலும்புக்குள் அதற்கென்று வளைந்த சுரங்கம் ஒன்று இருக்கிறது. அந்தச் சுரங்கத்துக்கும், ஒலியை உணரும் நத்தைச் சுருளுக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புத் தடுப்புதான். காது மடலுக்குப் பின்னால் கையில் தட்டுப்படுகிறதே ஒரு மேட்டெலும்பு, அதன் உட்பக்கமாக மூளையிலிருந்து ரத்தம் திரும்பும் பெரிய சிரை இறங்குகிறது. நடுக்காதின் தரைக்குக் கீழே அது குமிழாக உப்பி, பிறகு கழுத்துச் சிரையாகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் ரத்தம் மூளைக்குப் போய்த் திரும்புகிறது. இவ்வளவு போக்குவரத்து காதைச் சுற்றி நடந்தும் பெரும்பாலோருக்கு அதில் ஒரு துளி ஓசைகூடக் கேட்பதில்லை.

சிலருக்குக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஒருவர் ‘குப் குப்’ என்பார், இன்னொருவர் ‘உஷ் உஷ்’ என்பார், வேறொருவர் காதுக்குள் விண்விண் என்று தெறிக்கிறது என்பார். படுத்த பிறகு, வீடு அடங்கிய பிறகு, கூடுதலாகத் தெரியும். இப்படி இருந்தால் செய்ய வேண்டிய முதல் வேலை, மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பார்ப்பது. காதில் அடிப்பதும் கையில் அடிப்பதும் ஒன்றாக இருக்கிறதா? மாடிப்படி ஏறி வந்தபின் இரண்டும் சேர்ந்தே வேகமெடுக்கின்றனவா? ஆம் என்றால் அது நாடித்துடிப்போடு வரும் காதிரைச்சல்.

இதைத் தனியாகப் பிரித்தறிய வேண்டியதன் காரணம் முக்கியமானது. சில்வண்டு கத்துவதுபோல் ‘ஙொய்’ என்று ஓயாமல் கேட்கும் வழக்கமான காதிரைச்சலுக்குப் பின்னால் உண்மையான ஒலி எதுவும் இல்லை. செவி நரம்பும் மூளையும் உண்டாக்கும் உணர்வு அது. நாடியோடு வரும் ஓசை அப்படியல்ல. பெரும்பாலும் உடலுக்குள் எங்கோ ஓர் இடத்தில் மெய்யாகவே எழும் ஒலி. எழுகிற இடம் இருக்கிறது என்றால் தேடிக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. “வயதானால் வரும், பழகிக்கொள்ளுங்கள்” என்று பரிசோதிக்காமலே அனுப்பிவைக்கக் கூடாத தொல்லை இது.

சமதளத்து வாய்க்காலில் தண்ணீர் சத்தமில்லாமல் போகும். மதகின் இடுக்கில் சீறும். ரத்தமும் ஒழுங்காக ஓடும்வரை அமைதிதான். குழாய் குறுகினால், கோணினால், ஓட்டம் வேகமெடுத்தால் சுழல் உண்டாகி ஓசை எழும். இது ஒரு வகை. ஓசை வழக்கம்போலவே இருக்க, வெளிச் சத்தம் குறைந்துபோனதால் உள்ளோசை எடுப்பாகத் தெரிவது இன்னொரு வகை.

இரண்டாவது வகையே எளிது. காதுக் குறும்பி அடைத்திருக்கலாம், சளி பிடித்தபின் நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம், காதின் சிற்றெலும்பு இறுகிப்போயிருக்கலாம். விரலால் இரு காதையும் பொத்திக்கொண்டு முனகிப் பாருங்கள், சொந்தக் குரல் தலைக்குள் முழங்கும். அடைத்த காதுக்குள் நாடி கேட்பதும் இதே விதிப்படிதான். அதற்காக எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவதோ பட்ஸ் விட்டுக் குடைவதோ வேண்டவே வேண்டாம். செவிப்பறைக்குத்தான் கேடு.

ஓட்டம் வேகமெடுப்பதற்கான காரணங்களில் நம் வீடுகளுக்கு மிக நெருக்கமானது ரத்தசோகை. ஹீமோகுளோபின் குறைந்தால் ரத்தம் நீர்த்துப்போகும், இதயம் அதை ஈடுகட்ட வேகமாக இறைக்கும், கழுத்துச் சிரையில் இரைச்சல் எழும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. காதில் நாடி துடிக்கிறது என்று சொல்லும் பெண்ணுக்கு வேறெதற்கும் முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம். செலவும் குறைவு, சத்து ஏறினால் ஓசையும் அடங்கிவிடக்கூடும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே கதைதான். கர்ப்ப காலத்தில் உடலில் ரத்தத்தின் அளவே கூடுவதால் சிலருக்கு வந்து, பேறுகாலத்துக்குப் பின் போய்விடும். வயதானவர்களிடம் ரத்தக்கொதிப்பையும், கொழுப்பு படிந்து கழுத்துத் தமனி குறுகியிருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள்.

அதிகம் பேசப்படாத, ஆனால் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் காரணம், மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் கூடிப்போவது. பெரும்பாலும் இளம் பெண்களுக்கு, குறிப்பாக எடை கூடியவர்களுக்கு வருகிறது. காதோசையோடு தலைவலி இருக்கும். குனிந்து நிமிர்ந்தால் சில நொடிகளுக்குப் பார்வை மங்கும். ஓசை கேட்கும் பக்கத்தில் கழுத்தை மருத்துவர் மெல்ல அழுத்தினால் ஓசை நின்றுபோகும், கையை எடுத்ததும் திரும்பும். ஓசை சிரையிலிருந்து வருகிறது என்பதற்கு அது அடையாளம். இங்கே ஆபத்து காதுக்கு இல்லை, கண்ணுக்கு. கண் மருத்துவர் விளக்கொளி பாய்ச்சி விழித்திரையைப் பார்த்தால், பார்வை நரம்பின் முனை வீங்கியிருப்பது தெரியும். கவனிக்காமல் விட்டால் பார்வை நிரந்தரமாகப் போகலாம். முகப்பருவுக்குக் கொடுக்கும் டெட்ராசைக்ளின் வகை மாத்திரைகளும், அளவுக்கு மிஞ்சிய வைட்டமின் ஏ-யும் இதைத் தூண்டக்கூடும் என்பதால், சாப்பிடும் மருந்துகளை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். எடையைக் குறைப்பதும் அழுத்தத்தைத் தணிக்கும் மாத்திரையும் பலருக்குப் போதும். சிலருக்குக் குறுகிய சிரைக்குள் ஸ்டென்ட் வைக்கிறார்கள்.

காதுக்குள் எட்டிப்பார்க்கும்போதே விடை கிடைத்துவிடுவதும் உண்டு. நல்ல செவிப்பறை முத்துச் சாம்பல் நிறத்தில் மினுங்கும். அதன் பின்னால் செக்கச்செவேல் என்று ஒரு புள்ளி நாடியோடு துடித்தால், ரத்தக் குழாய்கள் நிறைந்த கட்டியாக இருக்கலாம். காற்றை மெல்ல அழுத்திச் செலுத்தினால் அந்தச் சிவப்பு வெளிறும். பெரும்பாலும் புற்றுநோயல்லாத, மெதுவாக வளரும் கட்டி இது. மற்றொரு காரணம், தமனியும் சிரையும் இடையில் நுண்குழாய்கள் இல்லாமல் நேரடியாக இணைந்துவிடுவது. நோயாளி கேட்கும் ஓசையை மருத்துவரே காதுக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட முடிகிற சந்தர்ப்பங்களில் இது முக்கியமானது. மூளைக்குள் ரத்தம் கசியக் காரணமாகலாம் என்பதால் தள்ளிப்போடக் கூடாது. 1927-இல் போர்ச்சுகலில் எகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்த மூளை ஆஞ்சியோகிராம்தான் இன்றும் இதை உறுதிசெய்கிறது. தொடை வழியாகவோ கை வழியாகவோ மெல்லிய குழாயைச் செலுத்தித் தவறான அந்த இணைப்பை அடைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு விந்தையான நிலை 1998-இல்தான் மருத்துவ ஏட்டில் ஏறியது. உடல் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல்களில் மேற்குழலை மூடியிருக்கும் எலும்பில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் லாயிட் மைனரும் அவருடைய குழுவினரும் விவரித்தார்கள். இந்த ஓட்டை உள்ளவர்களுக்கு நாடி மட்டுமல்ல, சொந்தக் கண் உருளும் ஓசைகூடக் கேட்கும். பலத்த சத்தம் கேட்டால் தலை சுற்றும். அதுவரை இப்படிச் சொன்னவர்களை எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்!

காதில் அடிப்பது நாடியோடு ஒத்துப்போகவில்லை என்றால் வழி வேறு. நடுக்காதில் இரண்டு சின்னத் தசைகள் உண்டு, அவற்றில் ஒன்று உடம்பின் எலும்புத் தசைகளிலேயே மிகச் சிறியது. இமை துடிப்பதுபோல் இவையும் துடித்தால் படபடவென்றோ டிக் டிக் என்றோ கேட்கும். மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கினால், மூக்கையும் காதையும் இணைக்கும் குழாய் மூடாமல் திறந்தே கிடக்கலாம்.

கழுத்தில் அடிபட்ட பிறகோ, திடீர்க் கழுத்துவலியோடோ இந்த ஓசை வந்தால், ஒரு பக்க இமை தொங்கினால், கை கால் தளர்ந்தால், பேச்சு குளறினால், காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மற்றவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கலாம். ஆனால் “காது இரையுது டாக்டர்” என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். நாடியோடு சேர்ந்து அடிக்கிறது, இந்தப் பக்கம் மட்டும் அடிக்கிறது, தலையைத் திருப்பினால் குறைகிறது என்று விவரமாகச் சொல்லுங்கள். அவர் அடுத்து என்ன பரிசோதனை எழுதுவார் என்பது பெரும்பாலும் அந்த மூன்று விவரங்களைப் பொறுத்தது.