வானத்தில் ஒரு வாடகை வீடு

அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்து விடுதி முதலாளி ராபர்ட் பிகிலோ, பூமியில் கட்டியது போதாதென்று ஆகாயத்திலும் விடுதி கட்ட எண்ணி, 1999-ல் ஒரு கம்பெனி தொடங்கினார். நாஸா ஸ்தாபனம் ஆராய்ந்து பாதியில் கைவிட்ட திட்டமொன்றை எடுத்துக்கொண்டார். சுவர்களை மடித்து ராக்கெட்டில் அனுப்பி, மேலே சென்றபின் காற்றை நிரப்பி அறையாக விரிப்பதே அதன் சூட்சுமம். சுவரோ துணி! நேயர்கள் நம் வேஷ்டியை நினைத்துவிட வேண்டாம். பல அடுக்குகள் கொண்ட உறுதியான நெசவு அது.

2006-லும் 2007-லும் ஆளில்லாத மாதிரிகள் இரண்டு ருஷ்ய ராக்கெட்டுகளில் சென்று விரிந்தன. 2016 மே மாதத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்திய அறை முதல் நாள் விரிய மறுத்தது. இரண்டு நாள் கழித்து, சிறிது சிறிதாகக் காற்றை விட்டு, சுமார் 7 மணி நேரத்தில் விரித்தார்கள். இரண்டாண்டுச் சோதனைக்கென்று வைத்தது, அதன் பின்னும் சாமான் அறையாக உழைத்தது.

அவருடைய துணிவை நாம் மெச்சவே செய்கிறோம். ஆனால் வீட்டுக்கு முன் வழியல்லவா வேண்டும்? ஆட்களை ஏற்றிச் செல்லும் தனியார் விண்கலம் வருஷக் கணக்கில் தாமதமாயிற்று. 2020 மார்ச்சில் கம்பெனி ஊழியர் அனைவரையும் நீக்கிற்று. கொள்ளைநோய்க் கட்டுப்பாட்டைக் காரணம் சொல்லிற்று. அவ்வாண்டு மே 30-ந் தேதி, ஸ்பேஸ் எக்ஸ் கம்பெனியின் விண்கலம் இருவரை ஏற்றிக்கொண்டு நிலையத்துக்குப் புறப்பட்டது.