உங்களுக்குத் தெரியுமா? டி.வி.க்காகச் சட்டை மாற்றிய பெயின்ட்பால்

● பெயின்ட் குண்டால் ஒருவரையொருவர் சுட்டு ஆடும் பெயின்ட்பாலின் முதல் பெரிய விளம்பரத்துக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. 1981 ஜூன் 27 அன்று, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹென்னிக்கர் ஊர்க் காட்டுக்குள் 12 பேர் இறங்கினார்கள். கையில் 'நெல்ஸ்பாட் 007'. மரங்களிலும் பண்ணை மாடுகளிலும் தூரத்திலிருந்தே பெயின்ட் அடித்து அடையாளம் வைக்கும் கருவி அது. நாலு இடத்தில் வைத்திருந்த கொடிகளை எடுத்துவர வேண்டும். ஜெயித்தவர் ரிச்சி ஒயிட் என்ற வனப் பணியாளர். கடைசிவரை ஒரு குண்டுகூடச் சுடவில்லை, யார் கண்ணிலும் படவுமில்லை! ஆடியவர்களில் ஒருவர் எழுத்தாளர். அந்த ஆண்டே 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் அவர் கட்டுரை வந்தது. மறு ஆண்டே கட்டணம் வாங்கும் மைதானமும் வந்துவிட்டது.

● கண்ணில் படாதவர்தான் கெட்டிக்காரர் என்றால் டி.வி.க்காரர் எதைப் படம்பிடிப்பார்? குண்டையாவது காட்டலாம் என்றால் அதன் குறுக்களவே சுமார் 17 மி.மீ.தான். மைதானங்களில் பொதுவாக அனுமதிக்கும் உச்ச வேகம் விநாடிக்கு 300 அடி, அதாவது மணிக்கு ஏறத்தாழ 330 கி.மீ. கிரிக்கெட்டில் 150-ஐத் தொட்டாலே வர்ணனையாளர் துள்ளிக் குதிக்கிறார்.

● அதனால் விளையாட்டே இடம் மாறியது. 1990-களின் பிற்பாதியில் காற்றடைத்த வண்ணத் தடுப்புகள் வந்தன. மரமும் புதரும் போய்த் திறந்த புல்தரை. சுற்றிலும் வலை, வலைக்கு வெளியே ரசிகர்கள். ராணுவ நிற உடுப்பைக் கழற்றிவிட்டு, ஸ்பான்சர் பெயர் போட்ட ஜெர்சியை மாட்டிக்கொண்டார்கள். பல போட்டிகளில் சிவப்பு பெயின்டுக்குத் தடை. ரத்தம் மாதிரித் தெரிந்தால் எந்த விளம்பரதாரர் வருவார்? ஃபுளோரிடாவில் டிஸ்னியின் விளையாட்டு வளாகத்திலேயே 'வேர்ல்ட் கப்' நடக்கும் அளவுக்குச் சாதுவானது ஆட்டம்.

● அந்த நல்ல பெயரை ஒரே டி.வி. செய்தி கெடுக்கப் பார்த்தது. 2003-ல் லாஸ் வேகஸில், ஆடையில்லாப் பெண்களை விரட்டிப் பெயின்ட்பாலால் சுடும் 'வேட்டை' நடப்பதாக உள்ளூர் சேனல் ஒளிபரப்ப, நாடே கொதித்தது. விசாரித்தால், வீடியோ விற்பதற்காக ஜோடித்த நாடகம்!

● ஜெர்மனியில் 2009-ல், பள்ளித் துப்பாக்கிச்சூடு ஒன்றுக்குப் பிறகு பெயின்ட்பாலையே தடை செய்ய ஆளுங்கூட்டணி யோசித்தது. எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது.

● முதல் ஆட்டத்தில் பயன்பட்ட 'நெல்ஸ்பாட் 007' கருவியைத் தயாரித்துக் கொடுத்தது, சிறுவர்களுக்கான காற்றுத் துப்பாக்கிக்குப் பேர்போன டெய்சி கம்பெனி. பின்னாளில் டெய்சியின் கைக்கு வந்த 'பிராஸ் ஈகிள்' பிராண்டுதான் பெயின்ட்பாலை வால்மார்ட் அலமாரியில் ஏற்றியது.

● போட்டி ஒளிபரப்புகளைவிட ஒரு நகைச்சுவைத் தொடர்தான் இந்த ஆட்டத்தை நன்றாக விற்றது என்பது என் கட்சி. என்.பி.சி.யின் 'கம்யூனிட்டி' தொடரில் 2010 மே 6 அன்று வந்த எபிசோடு அது. கல்லூரி முழுக்கப் பெயின்ட்பால் யுத்தம். எதற்காக? அடுத்த பருவத்துக்கான வகுப்புகளை முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்காக! இயக்கியவர் 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' வரிசைப் படங்களை எடுத்த ஜஸ்டின் லின். கேமரா குண்டைத் துரத்தாமல் பயந்த முகங்களைக் காட்டியது, அவ்வளவுதான் சூட்சுமம். மறு ஆண்டு இன்னும் இரண்டு பெயின்ட்பால் எபிசோடுகள் எடுத்தார்கள்: ஒன்று கௌபாய் பட பாணி, இன்னொன்று 'ஸ்டார் வார்ஸ்' பாணி.

● பெயின்ட்பால் பிறருக்கும் விளம்பரம் செய்திருக்கிறது. 2008-ல் என்விடியா நிறுவனம் தன் கிராஃபிக்ஸ் சிப்பின் வேகத்தை விளக்க 'மித்பஸ்டர்ஸ்' டி.வி. நிகழ்ச்சியின் ஜோடியை மேடையேற்றியது. முதலில் ஒற்றைக் குழல் ரோபோ டப்டப்பென்று ஒவ்வொன்றாகச் சுட்டு ஒரு சிரித்த முகம் வரைந்தது. அது சாதாரண பிராசஸராம். அடுத்து கிராஃபிக்ஸ் சிப்பின் முறை: 1,100 குழல்கள் ஒரே நேரத்தில் வெடித்தன. 80 மில்லி விநாடியில் திரையில் மோனாலிசா! என்ன நடந்தது என்று பார்க்க ஸ்லோமோஷன் தேவைப்பட்டது.