தே-ஓ நிறத்துக்கு மாறிய சீரம்

கிள்ளானில் ஒரு மருந்தகத்தில் 89 ரிங்கிட் கொடுத்து வாங்கிய வைட்டமின் சி சீரம் அது. வாங்கியபோது தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. குளியலறையில், வெந்நீர்ப் பெட்டிக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தேன். ஆறே வாரத்தில் தே-ஓ நிறத்துக்கு வந்துவிட்டது. காசு போட்டு வாங்கியதாயிற்றே என்று அதையும் பத்து நாள் பூசினேன். கன்னத்தில் பரு வந்து போன இடத்துக் கரும்புள்ளிகள் அப்படியே இருந்தன. மூக்கோரம் எரிச்சல்தான் புதிதாக வந்தது.

"நிறம் மாறினா தூக்கிப் போட்டுடணும் அக்கா" என்றார் மருந்தகப் பெண். வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாம்!

சீரத்தில் இருக்கும் சுத்தமான வைட்டமின் சி-க்கு எல்-அஸ்கார்பிக் அமிலம் என்று பெயர். காற்று, வெளிச்சம், சூடு மூன்றுமே அதற்கு ஆகாது. நம் ஊரில் இந்த மூன்றுக்கும் பஞ்சமில்லை. எனவே அடர்நிறப் புட்டியாக, சிறியதாகப் பார்த்து வாங்குங்கள். 10 முதல் 20 விழுக்காடு போதும். அதற்கு மேல் போனால் பலன் கூடாது, எரிச்சல்தான் கூடும். வைட்டமின் ஈ-யும் ஃபெருலிக் அமிலமும் சேர்ந்திருந்தால் சீக்கிரம் கெடாது. சட்டென்று எரியும் தோல் என்றால் சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட் போன்ற மென்மையான வகையிலிருந்து தொடங்கலாம். வேகம் குறைவுதான், ஆனால் முகம் சிவக்காது.

இது செய்யும் வேலை இரண்டு. தோலில் கருமையை உண்டாக்கும் மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அதன் வேகத்தை வைட்டமின் சி மட்டுப்படுத்துகிறது. தோலைத் தாங்கும் கொலாஜன் உருவாகவும் துணை நிற்கிறது. புள்ளிகள் மங்கும், பிறவி நிறம் மாறாது. அதற்கும் குறைந்தது மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

"இதுக்கு எதுக்குக் காசு? எலுமிச்சையைத் தேய்" என்றார் என் பெரியம்மா. தயவுசெய்து வேண்டாம். எலுமிச்சைச் சாற்றில் ஃபியூரோகூமரின் என்ற பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளம் வரும். அது ஆறிய பிறகும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். புள்ளியைப் போக்கப் போய்ப் பட்டையை வாங்கிக் கொண்ட கதையாகிவிடும்.

பூசுவது எளிது. முதலில் காதுக்குப் பின்னால் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். ஒன்றும் ஆகாவிட்டால் காலையில் முகம் கழுவி, ஈரம் உலர்ந்த பிறகு நான்கைந்து துளி. தொடக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஒருநாள் மறந்தாலும் பதற வேண்டாம். 2001-இல் பன்றித் தோலில் செய்த ஆய்வில், உள்ளே இறங்கிய வைட்டமின் சி பாதியாகக் குறையவே ஏறக்குறைய 4 நாள் ஆனது.

சீரத்துக்கு மேல் சன்ஸ்கிரீன் கட்டாயம். அது இல்லாமல் சீரம் பூசுவது ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பது போலத்தான். நம் மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளிகூடக் கருமையைக் கூட்டும். இரும்பு ஆக்சைடு கலந்த, லேசான நிறமுள்ள சன்ஸ்கிரீன் அதையும் தடுக்கும்.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது என் அண்ணன் மகள்தான். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். "அத்தை, சீரத்துக்கு மூணு மாசம் ஆகுமாம், இது ஏழே நாள்ல வெள்ளையாக்கும்" என்று ஒரு டப்பாவைக் காட்டினாள். தயாரிப்பாளர் பெயர் இல்லை, என்ன கலந்தது என்ற பட்டியலும் இல்லை. சுகாதார அமைச்சின் என்.பி.ஆர்.ஏ. இணையப் பக்கத்தில் தேடினோம். அப்படி ஒரு பொருளே இல்லை. பாதரசமும் ஹைட்ரோகுயினோனும் கலந்த கிரீம்களைப் பற்றி அதே அமைப்பு பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் பாதிக்கும். அவள் முகம் வாடியது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ நிறத்தைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

டப்பா குப்பைக்குப் போனது. இருவருக்குமாகப் புதுச் சீரம் ஒன்று வாங்கினோம். இப்போது அது குளிர்பதனப் பெட்டியில், தயிருக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில், திறந்த தேதி எழுதி ஒட்டிய மூடியுடன் இருக்கிறது. ஐந்து வாரமாகிறது, இன்னும் தண்ணீர் நிறம்தான்.