மூளையின் எரிபொருளும் ஒரு புரதக் குறைபாடும்: குளூட் 1 நோய்க்கான சிகிச்சை ஆய்வுகள் பற்றி ஒரு நோக்கு

அருநோய்கள் பற்றிய ஆய்வினை மருத்துவ நிபுணர்களின் தனிப்பட்ட அக்கறையாகக் கருதும் போக்கு எம்மிடையே உண்டு. பல்லாயிரவரில் ஒருவரைப் பீடிக்கும் நோயொன்றிற்காக இத்துணை உழைப்பும் பணமும் செலவிடப்படுதல் தகுமா என்னும் வினாவும் அவ்வப்போது எழுப்பப்படுகின்றது. இவ்வினாவை ஆராய்வதற்கு, மூளைக்குச் சக்தி செல்லும் வழியைப் பாதிக்கும் ஒரு பிறப்புரிமையியல் நோயின் வரலாறு பெரிதும் உதவுகின்றது. குளூட் 1 குறைபாடு என்பது அந்நோயின் பெயர். அதற்குப் பயன்படும் சிகிச்சை, நோய் கண்டறியப்படுவதற்கு எழுபது ஆண்டுகள் முன்னரே வழக்கில் இருந்தது என்பதே இவ்வரலாற்றில் நாம் முதலில் மனங்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

வளர்ந்தவரின் உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதமேயான மூளை, ஓய்வுநிலையில் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை நுகர்கின்றது. சிறு பிள்ளைகளில் இப்பங்கு அரைவாசியையும் தாண்டுவதுண்டு. இச்சக்தியின் மூலம் குளுக்கோசு ஆகும். மூளையோ குளுக்கோசினைப் பெருமளவிற் சேமித்து வைக்கும் உறுப்பன்று. குருதியிலிருந்து அது இடையறாது வந்துகொண்டிருத்தல் வேண்டும். ஆனால் மூளையின் மயிர்க்குழாய்ச் சுவர்க் கலங்கள் தம்முள் இறுகப் பிணைந்து, குருதிக்கும் மூளைக்குமிடையே ஒரு தடுப்பாக அமைந்துள்ளன. இத்தடுப்பினூடாகக் குளுக்கோசினைக் கடத்துவது, 492 அமினோவமிலங்களாலான குளூட் 1 என்னும் புரதம். கலமென்சவ்வைப் பன்னிரு முறை ஊடுருவி நிற்கும் இப்புரதத்தை வாயில் எனக் கூறுதல் பொருந்தும். வாயில்கள் பாதியாகக் குறைந்தால், குருதியில் வேண்டிய அளவு சர்க்கரை இருந்தும் மூளை பட்டினி கிடக்கும்.

1991ஆம் ஆண்டில் நியூ யோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டரில் டி விவோவும் அவரது சகாக்களும் இரு குழந்தைகளைப் பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டனர். இரு குழந்தைகளுக்கும் வலிப்பு இருந்தது, வளர்ச்சி தாமதமாகியிருந்தது. குருதிக் குளுக்கோசு இயல்பான அளவில் இருந்தும், மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்துள்ள பாய்மத்தில் அது குறைந்து காணப்பட்டது. இப்பாய்மத்தில் குளுக்கோசு குறைதல் பொதுவாக மூளையுறை அழற்சியின் அறிகுறியாகவே கொள்ளப்படும். கிருமிகளும் அழற்சியும் சர்க்கரையை எரிப்பதால் அங்கு இலற்றிக்கமிலம் கூடும். இக்குழந்தைகளிலோ இலற்றிக்கமிலமும் குறைந்திருந்தது. ஆகவே சர்க்கரை மூளையில் எரிந்து தீரவில்லை, அது உள்ளே வந்து சேரவேயில்லை என்னும் முடிவுக்கு அவர்கள் வந்தனர். அதே புரதம் செங்குழியங்களிலும் நிறைந்திருப்பதால், குழந்தைகளின் செங்குழியங்கள் குளுக்கோசினை உள்ளெடுக்கும் ஆற்றலை அளந்து தமது முடிவுக்கு ஆதாரமும் தேடினர். இயல்பாக இப்பாய்மத்தின் குளுக்கோசு குருதியிலுள்ளதன் 60 சதவீதமளவில் இருக்கும். இந்நோயாளரிற் பெரும்பாலோரில் அது 45 சதவீதத்திற்கும் கீழே நிற்கின்றது.

உரிய பரம்பரையலகில் விகாரங்கள் உள்ளமை 1998இல் நிறுவப்பட்டது. இரு பிரதிகளுள் ஒன்று பழுதடைந்தாலே நோய் தோன்றிவிடும். இவ்விகாரங்களிற் பெரும்பாலானவை பெற்றோரிடமிருந்து வந்தவையல்ல. குழந்தையிலேயே புதிதாகத் தோன்றியவை. இதனை நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணமுண்டு. பரம்பரை நோய் என்ற சொல்லைக் கேட்டவுடன் தாயின் குடியைப் பழிக்கும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. அப்பழிக்கு உயிரியலில் எவ்வித ஆதாரமுமில்லை.

இனிச் சிகிச்சையை நோக்குவோம். பட்டினி கிடக்கும்போது வலிப்பு தணிவது நெடுங்காலமாக அவதானிக்கப்பட்ட ஒன்று. 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ரசல் வைல்டர், பட்டினியின் விளைவை உண்டுகொண்டே பெறும் வழியாகக் கொழுப்பு மிகுந்த உணவு முறையொன்றை முன்மொழிந்தார். காபோவைதரேற்று மிகக் குறையும்போது ஈரல் கொழுப்பிலிருந்து கீற்றோன்களை ஆக்கும். எனவே இது கீற்றோனாக்க உணவு எனப் பெயர்பெற்றது. 1938இல் பெனிற்றோயின் வலிப்பு மருந்தாக வந்ததும், குளிகை விழுங்குவது இலகுவாக இருந்தமையால், இவ்வுணவு முறை மெல்லப் பின்தள்ளப்பட்டது. அது ஏன் பயன்தருகின்றது என்பதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி 1967இல் கிடைத்தது. நீண்ட பட்டினியின்போது மூளை தனது சக்தியின் பெரும்பகுதியைக் கீற்றோன்களிலிருந்து பெறுகின்றது என்பதை ஒலிவர் ஓவெனும் ஜோர்ஜ் கஹிலும் சகாக்களும், வாரக்கணக்கில் உண்ணாதிருந்த பருத்த உடலினரை ஆராய்ந்து காட்டினர். மூளை குளுக்கோசினை மட்டுமே உண்ணும் என்ற பாடநூற் கூற்று அத்துடன் தகர்ந்தது. கீற்றோன்கள் மூளைக்குள் நுழைவது வேறொரு வாயிலால். குளூட் 1 பழுதடைந்த குழந்தைக்கு அவ்வாயில் திறந்தேயிருக்கின்றது.

2012இல் வெளியான ஓர் ஆய்வில், இவ்வுணவைக் கைக்கொண்ட நோயாளர் 61 பேரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு வலிப்பு முற்றாக நின்றமை பதிவாகியுள்ளது. அவர்களுட் பலருக்கு ஒரு மாதத்துள்ளேயே நின்றது. எனினும் இதனை எளிய சிகிச்சை எனக் கூறிவிட முடியாது. கடுமையான முறையில் ஒரு பங்கு புரதமும் காபோவைதரேற்றும் சேர்ந்த நிறைக்கு நான்கு பங்கு கொழுப்பு உண்ணப்படல் வேண்டும். ஒவ்வொரு வேளை உணவும் தராசில் நிறுக்கப்படும். பல ஆண்டுகள், பொதுவாக இளம்பருவம் கடக்கும்வரை, இது தொடரவேண்டும். சோறே உணவாகக் கொண்ட வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் சோற்றை மறுப்பதன் வேதனையைப் புள்ளிவிபரங்கள் கூறமாட்டா. மேலும், வலிப்பு நின்ற பின்னரும் கற்றற் குறைபாடு பெரும்பாலும் எஞ்சியே நிற்கின்றது.

வேறொரு விடயமும் இங்கு கவனத்திற்குரியது. பச்சிளங் குழந்தைக்கு வலிப்பு ஏற்படின் உலகெங்கும் முதலிற் கொடுக்கப்படுவது பெரும்பாலும் பீனோபாபிற்றோன். பாபிற்றியூரேற்று வகை மருந்துகள் குளூட் 1இன் தொழிலையே தடைசெய்வன என்பது ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்டுள்ளது. நோய் இன்னதென அறியாது வழங்கப்படும் மருந்து, மீதியுள்ள வாயில்களையும் ஒருவாறு அடைத்துவிடக்கூடும். கோப்பியிலுள்ள கபீனும் இத்தகையதே.

புதிய மருந்துகளுள் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியது ட்ரைஹெப்டனோயின் என்னும் எண்ணெய். இதன் கொழுப்பமிலங்கள் ஏழு காபன் அணுக்களைக் கொண்டவை. சாதாரணக் கொழுப்பமிலங்கள் இரண்டிரண்டு காபன்களாகவே உடைந்து கிறெப்சு வட்டத்துள் எரிகின்றன. வட்டத்தின் இடைப்பொருள்களை அவை நிரப்புவதில்லை. ஏழிலோ, இரு இரண்டுகள் போக எஞ்சும் மூன்று காபன் துண்டு அவ்விடைப்பொருள்களை நிரப்பவல்லது. செக்கிற்கு எள் இட்டால் மட்டும் போதாது, தேய்ந்த உலக்கையையும் மாற்றவேண்டும் என்பது போன்றது இத்தத்துவம். 2016இல் பாரிஸ் ஆய்வாளர் எட்டு நோயாளருக்கு இதனைக் கொடுத்தபோது திடீர் அசைவுக் கோளாறுகள் ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்தன. மருந்தை நிறுத்தியதும் அவை மீண்டன. ஆனால் போலி மருந்துடன் ஒப்பிட்ட பெரிய சோதனைகள் வேறு முடிவைத் தந்தன. வலிப்பில் கருதத்தக்க பயன் இல்லையென 2017இலும், அசைவுக் கோளாறில் இல்லையென 2018இலும் அல்ட்ராஜெனிக்சு நிறுவனம் அறிவித்தது. 2020இல் இவ்வெண்ணெய் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது வேறொரு நோய்க்காகவே. நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்களை உடலால் எரிக்க முடியாத நோயது.

தத்துவம் பிழைத்ததா, சோதனை பிழைத்ததா? இரண்டுக்கும் இடமுண்டு என்பதே எமது கருத்து. இந்நோயின் வெளிப்பாடுகள் பசி, களைப்பு, உடலுழைப்பு ஆகியவற்றோடு நாளுக்கு நாள் ஏறியிறங்குவன. சிலரை மட்டும் வைத்து எண்ணும்போது இயல்பான இறக்கமும் மருந்தின் வெற்றியாகத் தோன்றும். மறுபுறம், கீற்றோனாக்க உணவை ஒழுங்காக உண்போர் இச்சோதனைகளிற் சேர்க்கப்படாமையால், அவ்வுணவை ஏற்க முடியாதோரும் கைவிட்டோருமே பெரும்பாலும் எஞ்சினர். எவ்வாறாயினும், எட்டுப்பேரிற் கண்ட நற்பயனைப் பரவலான சோதனைக்கு உட்படுத்தி, பாதகமான முடிவையும் வெளியிட்டமை அறிவியலுக்கு நன்மையே.

பழுதடைந்த பரம்பரையலகை ஈடுசெய்யும் முயற்சி இன்னும் விலங்குகளை மையமாகக் கொண்டதே. 2017இல் கொலம்பியாவில் உம்ராவ் மொனானியின் குழுவினர், தீங்கற்ற வைரசொன்றில் குளூட் 1இன் பரம்பரையலகை ஏற்றி, நோயுற்ற சுண்டெலிகளுக்குச் செலுத்தினர். பிறந்து சில நாட்களேயான குட்டிகளில் மூளையின் நுண்குருதிக்குழாய்கள் செவ்வனே வளர்ந்தன. நோய் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டது. வளர்ந்த எலிகளிற் செலுத்தியபோது அத்தகைய பயன் கிடைக்கவில்லை. சக்திக் குறைவு குருதிக்குழாய்களின் வளர்ச்சியையே குன்றச் செய்கின்றது என்பதும், பின்னர் வாயிலைத் திறந்தாலும் பாதைகள் போதா என்பதும் இதனாற் புலனாயின.

ஆகவே எல்லாம் காலத்திலேயே தங்கியுள்ளன. நோயைப் பிந்தி அறிவோர் எத்தனை பேர் என்பதற்கு ஓர் அறிகுறி உண்டு. அவுஸ்திரேலிய மதிப்பீடொன்று 90,000 பேருக்கு ஒருவர் என 2006இற் கூறியது. மூன்று வயதுக்கு முன் வலிப்புற்ற ஸ்கொத்லாந்துக் குழந்தைகளை முறையாகப் பரம்பரையலகுச் சோதனைக்கு உட்படுத்திய 2019ஆம் ஆண்டின் ஆய்வு, ஏறத்தாழ 24,000 பிறப்புகளுக்கு ஒருவர் எனக் கண்டது. மக்கள் வேறு, முறைகளும் வேறு என்பது மெய்யே. ஆயினும் தேடிய இடத்தில் நோய் கூடுதலாகத் தென்பட்டது என்பதைப் புறக்கணிக்க முடியாது. அருமை என்பதில் ஒரு பகுதி தேடாமையின் விளைவாகும்.

தேடுவதற்கு இதுவரை முதுகில் ஊசியேற்றிப் பாய்மம் எடுக்கவேண்டியிருந்தது. பெற்றோரும் மருத்துவரும் அதற்குத் தயங்கினர். மாற்றுவழி எதிர்பாராத துறையிலிருந்து வந்தது. மனித ரீ-கல வெண்குருதிப் புற்றுநோய்க்குக் காரணமான வைரசு எதைப் பற்றிக்கொண்டு கலத்துள் நுழைகின்றது என ஆராய்ந்த மொன்பெல்லியே நகர ஆய்வாளர், அது குளூட் 1 என 2003இற் கண்டனர். வைரசின் அப்பற்றும் பகுதியையே அளவுகோலாக்கி, செங்குழியத்தின் மேற்பரப்பிலுள்ள குளூட் 1ஐ எண்ணும் குருதிச் சோதனையொன்று பிரான்சில் உருவாக்கப்பட்டது. 2017இல் வெளியான முடிவுகளின்படி அது நோயாளருள் ஐந்தில் நான்கு பங்கினரளவில் இனங்கண்டது. எஞ்சியோருக்குப் பழைய சோதனைகள் தேவைப்படும். ஆயினும் இதற்கு வேண்டியது சில துளி குருதியும், குருதிப் புற்றுநோயை வகைப்படுத்தவும் எயிட்ஸ் நோயாளரின் வெண்குழியங்களை எண்ணவும் பெரிய ஆய்வுகூடங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் கருவியுமே.